ஆட்டக் கணக்கும் அதிர்ஷ்டக் கணக்கும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் விளையாட்டு ரசிகர்கள் இரு வகையினர். அரங்கில் நின்று கூக்குரல் எழுப்புவோர் ஒரு வகை. ஆட்டம் முடிந்த பின்னர் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருவோர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் அடுத்த ஆண்டு எந்த அணி எத்தனை ஆட்டங்களில் வெல்லும் என்று முன்கூட்டியே சொல்லத் துணிபவர்கள். இது சோதிடம் அன்று. புள்ளியியல் வகுப்பில் நாம் படிக்கும் ஈருறுப்புப் பரவலும் திட்டவிலக்கமுமே இவர்களுடைய கருவிகள். பிற்பகல் வேளையில் அவ்வகுப்பில் கண்ணயர்ந்த நண்பர்களும் பின்தொடரும் வகையில் எழுத முயல்கிறேன்.

முதலில் ஆட்டங்களைப் பற்றி இரண்டொரு சொல். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பந்தெறிபவர் ஒருவர், மட்டையாளர் ஒருவர், பக்கத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். அதிக ஓட்டம் எடுத்த அணிக்கு வெற்றி. அங்கே கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்து அன்று. இரு முனையும் கூரான பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியும் எறிந்தும் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டம் அது. நம் கணக்குக்கு இன்றியமையாத செய்தி ஒன்றுண்டு. தலைமைப் பேஸ்பால் போட்டியில் ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. தேசியக் கால்பந்துக் கழகத்தில் ஓர் அணிக்கு 17 ஆட்டங்களே. 2020 வரை அதுவும் 16தான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எவ்வளவு பெரிய விளைவு பிறக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆட்டத்தை எண்களாக்கும் பழக்கத்துக்கு அங்கே வித்திட்டவர் ஹென்றி சாட்விக். 1824இல் இங்கிலாந்தில் பிறந்து, இளமையிலேயே அமெரிக்கா சென்று, பத்திரிகைக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஆட்டத்தின் நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்கும் அட்டவணையையும், மட்டையாளரின் சராசரியையும் பேஸ்பாலில் நிலைபெறச் செய்தவர் அவரே. அவர் கிரிக்கெட் கண்கொண்டே பேஸ்பாலைப் பார்த்தார் என்பது என் கருத்து. பந்தெறிபவர் நான்கு பந்துகளைத் தவறான இடத்தில் வீசினால் மட்டையாளர் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். இந்த 'நடை'யைச் சாட்விக் எறிபவரின் பிழையாகக் கருதினாரேயன்றி மட்டையாளரின் திறமையாகக் கருதவில்லை. நம் 'வைடு' பந்தை யார் மட்டையாளரின் கணக்கில் சேர்க்கிறார்கள்? ஆனால் பேஸ்பாலில், பொறுமையோடு நின்று தீய பந்தை விட்டுவிடுவதும் ஒரு திறமையே. அதை விட்டுவிட்ட சராசரியை வைத்துத்தான் நூறாண்டுக்கும் மேலாக வீரர்களுக்கு விலை பேசினார்கள். தளத்தை அடையும் விகிதம் என்ற, நடைகளையும் சேர்த்துக்கொள்ளும் அளவை 1984இல்தான் அதிகாரபூர்வமான ஏடுகளில் இடம்பெற்றது. 2002இல் ஓக்லண்டு அணி குறைந்த பணத்தில் 103 ஆட்டங்களை வென்ற கதையை 'மணிபால்' திரைப்படத்தில் நண்பர்கள் சிலர் கண்டிருக்கலாம். பிறர் மலிவாக மதித்த இந்த விகிதத்தை மதித்து வீரர்களை எடுத்தது அவ்வெற்றிக்கு ஒரு பெருங்காரணம்.

இனி நம் கதாநாயகரிடம் வருவோம். பில் ஜேம்ஸ் என்பவர் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலாளியாக இருந்தவர். எந்த அணியிலும் ஆடியவர் அல்லர். பயிற்சி அளித்தவரும் அல்லர். காவல் வேலையின் நீண்ட இரவுகளில் பத்திரிகைகளில் வந்த ஆட்ட அட்டவணைகளை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டார். 1977இல் தம் கணக்குகளைத் தாமே ஒரு சிறு நூலாக்கி வெளியிட்டார். விற்றவை 75 படிகள். எனினும் ஆண்டுதோறும் விடாமல் வெளியிட்டார். 1982 முதல் பெரிய பதிப்பகம் ஒன்று அதனை ஏற்று வெளியிடலாயிற்று. 2002இன் இறுதியில் பாஸ்டன் அணி அவரை ஆலோசகராக அமர்த்திக்கொண்டது. 1918க்குப் பின் உலகத் தொடரை வெல்லாதிருந்த அவ்வணி 2004இல் வென்றது. ஒரு காவலாளியால் மட்டுமே அது வென்றது என்று சொல்வது மிகையாகும். ஆயினும் 75 படிகள் விற்ற மனிதருக்கு இது பெரிய பயணம்தான்.

ஜேம்ஸ் கேட்ட வினாக்களில் மிக எளியது இது. ஓர் அணி எடுத்த ஓட்டங்களும் விட்டுக்கொடுத்த ஓட்டங்களும் தெரிந்தால், அது எத்தனை ஆட்டங்களில் வென்றிருக்க வேண்டும்? எடுத்த ஓட்டங்களின் வர்க்கத்தை, எடுத்த ஓட்டங்களின் வர்க்கம், கொடுத்த ஓட்டங்களின் வர்க்கம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். கிடைப்பது வெற்றி விகிதம். அதை 162ஆல் பெருக்கினால் வெற்றிகளின் எண்ணிக்கை. இரு வர்க்கங்களைக் கூட்டுவதால் இதற்குப் பிதாகரஸ் சூத்திரம் என்று பெயர் வந்துவிட்டது. மற்றபடி இதில் செங்கோண முக்கோணம் எதையும் தேட வேண்டா.

போட்டுப் பார்ப்போம். 2001இல் சியாட்டில் அணி 927 ஓட்டங்கள் எடுத்து 627 கொடுத்தது. 927இன் வர்க்கம் 8,59,329. 627இன் வர்க்கம் 3,93,129. விகிதம் 0.686. 162ஆல் பெருக்க, 111 வெற்றிகள். உண்மையில் அவ்வணி 116 ஆட்டங்களில் வென்றது. ஐந்துதான் வேறுபாடு. பெரும்பாலான அணிகளுக்கு இச்சூத்திரம் நாலைந்து ஆட்ட வேறுபாட்டுக்குள் விடை தந்துவிடுகிறது.

சூத்திரம் பொருந்தும் இடத்தைக் காட்டிலும் பொருந்தாத இடமே நமக்குச் சுவையானது. 2016இல் டெக்சாஸ் அணி 95 ஆட்டங்களில் வென்று 67இல் தோற்றது. அது எடுத்த ஓட்டங்கள் 765; கொடுத்தவை 757. சூத்திரப்படி வெற்றிகள் 82. மீதி 13 வெற்றிகள் எங்கிருந்து வந்தன? ஒரே ஓட்ட வேறுபாட்டில் முடிந்த ஆட்டங்களைத் தனியே பிரித்தால் விடை கிடைக்கிறது. அத்தகைய ஆட்டங்களில் அது 36இல் வென்று 11இல் மட்டுமே தோற்றது. மற்ற ஆட்டங்களில் 59 வெற்றி, 56 தோல்வி. சாதாரண அணி!

"நெருக்கடியில் வெல்வதுதானே திறமை?" என்று நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அது திறமையானால் அடுத்த ஆண்டும் அது தொடர வேண்டும். பல ஆண்டுகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்தவர்கள் கண்டது, ஓர் ஆண்டில் ஓர் ஓட்ட ஆட்டங்களில் பெற்ற வெற்றிக்கும் அடுத்த ஆண்டில் பெற்ற வெற்றிக்கும் உள்ள ஒட்டுறவு மிகச் சிறிது என்பதே. இறுதி இன்னிங்ஸில் எறியும் வீரர் சிறந்தவராயின் ஓரளவு உதவும். மற்றதெல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. டெக்சாஸ் அணி 2017இல் 78 ஆட்டங்களில்தான் வென்றது. சூத்திரம் சொன்ன 82க்கு அருகில் வந்ததேயன்றி, 95க்கு அருகில் வரவில்லை.

இப்பொழுது கால்பந்துக்குச் செல்வோம். அதற்கு முன் ஒரு சிறு கணக்கு. திறமையில் எவ்வித வேறுபாடும் இல்லாத அணிகள் மோதுகின்றன என்றும், ஒவ்வோர் ஆட்டமும் நாணயம் சுண்டி முடிவாகிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்போது வெற்றிகளின் திட்டவிலக்கம், ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதி. 162 ஆட்டங்களுக்கு இது 6.4 வெற்றிகள். சராசரி 81. ஆக, 75க்கும் 87க்கும் இடையில் ஓர் அணி ஏறி இறங்குவதற்குத் திறமை எதுவும் தேவையில்லை. 17 ஆட்டங்களுக்குத் திட்டவிலக்கம் 2.1. சராசரி எட்டரை. ஈருறுப்புப் பரவலின்படி 17இல் 12 அல்லது அதற்கு மேல் தலை விழும் நிகழ்தகவு 100க்கு 7. கழகத்தில் 32 அணிகள் இருப்பதால் 32ஐ இதனால் பெருக்கினால் இரண்டுக்குச் சற்று அதிகம். நாணயம் சுண்டினாலே ஒவ்வோர் ஆண்டும் ஏறத்தாழ இரண்டு அணிகள் 12 ஆட்டங்களில் வென்று 'மாபெரும் அணி' என்று புகழப்படும். அதேபோல் இரண்டு அணிகள் ஐந்தோ அதற்குக் குறைவாகவோ வென்று தலைகுனியும். பேஸ்பாலில் இதே விகிதத்தில் வெல்ல 114 வெற்றிகள் வேண்டும். அது சராசரிக்கு ஐந்து திட்டவிலக்கங்கள் அப்பால். நாணயத்தால் அங்கே எட்ட முடியாது.

இது வெறும் வகுப்பறைக் கணக்கு அன்று. கால்பந்தில் ஆண்டின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்த மறுநாளுக்கு அந்நாட்டில் 'கறுப்புத் திங்கள்' என்று பெயர். தோற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் அன்று வேலை இழக்கிறார்கள். 5 வெற்றிகளுக்காக நீக்கப்படும் ஒருவர் உண்மையிலேயே திறமையற்றவரா, அல்லது நாணயம் அவருக்குப் பூவாக விழுந்ததா என்பதை வெற்றிப் பட்டியல் மட்டும் பார்த்துச் சொல்ல இயலாது. பேஸ்பாலில் 162 ஆட்டங்கள் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள். இங்கே 17 பார்த்து.

புகழுக்கும் இதே நிலைதான். 2022ஆம் ஆண்டின் மினசோட்டா அணியைப் பாருங்கள். 13 வெற்றி, 4 தோல்வி. டிசம்பரில் ஓர் ஆட்டத்தில் 33 புள்ளிகள் பின்தங்கியிருந்து 39-36 என்று வென்றது. அக்கழகத்தின் வரலாற்றில் அதைவிடப் பெரிய மீட்சி இல்லை. ரசிகர்கள் ஆனந்தக் கூத்தாடியதில் வியப்பில்லை. ஆனால் அவ்வாண்டு முழுவதும் அது எடுத்த புள்ளிகள் 424, கொடுத்தவை 427! எட்டுப் புள்ளிகள் அல்லது அதற்குக் குறைந்த வேறுபாட்டில் முடிந்த 11 ஆட்டங்களிலும் அதுவே வென்றது. மற்ற ஆறில் இரண்டே வெற்றி. ஒன்றில் 40-3 என்ற படுதோல்வி. கால்பந்துக்கு வர்க்கத்துக்குப் பதிலாக 2.37 என்ற அடுக்கைப் பயன்படுத்துவது வழக்கம். அதன்படி கணக்கிட்டால் 8.4 வெற்றிகள்தான் வருகின்றன. இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்திலேயே 24-31 என்று தோற்று வெளியேறியது. அதுவும் எட்டுக்குக் குறைந்த வேறுபாடுதான்.

அவ்வணி 2023இல் 7 ஆட்டங்களில் வென்று 10இல் தோற்றது. சூத்திரக்காரர்கள் மார்தட்டிக்கொண்டனர். இவ்விடத்தில் நான் அவர்களோடு முழுவதும் உடன்படவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முதன்மை வீரர் அக்டோபர் இறுதியில் குதிகால் நரம்பு அறுந்து, எஞ்சிய ஆட்டங்களில் ஆட முடியாமற் போனார். அப்போது அணி 4 வெற்றி, 4 தோல்வி என்று இருந்தது. அந்த நான்குக்கு நான்கு சூத்திரத்துக்குச் சான்று. பின்னர் வந்த வீழ்ச்சியில் காயத்துக்கும் பங்குண்டு. எந்தக் கணக்கும் ஒருவருடைய குதிகாலை முன்கூட்டிச் சொல்வதில்லை.

சூத்திரத்துக்கு மற்றோர் எல்லையும் உண்டு. 116 ஆட்டங்கள் வென்ற சியாட்டில் அணிக்குக் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. உலகத் தொடருக்கு முந்திய சுற்றில் நியூயார்க் அணியிடம் 4-1 என்று தோற்றது. 162 ஆட்டங்களில் வெளிப்படும் திறமை ஐந்து ஆட்டங்களில் வெளிப்பட்டே தீரும் என்பதற்கு உறுதி இல்லை.

அப்படியானால் கணிப்புச் சொல்லும் ரசிகர்களில் யார் தேர்ந்தவர் என்று எப்படி அறிவது? இதற்கு வானிலைத் துறை ஒரு வழி தந்திருக்கிறது. கிளென் பிரையர் என்ற வானிலை ஆய்வாளர் 1950இல் வெளியிட்ட அளவை அது. ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவர் கொடுத்த நிகழ்தகவுக்கும் நடந்ததற்கும் (நடந்தால் 1, இல்லையேல் 0) உள்ள வேறுபாட்டை வர்க்கப்படுத்திச் சராசரி காண வேண்டும். எண் குறையக் குறையக் கணிப்பு சிறந்தது. மூன்று ரசிகர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் எதைக் கேட்டாலும் "சரிபாதி" என்பவர். அவருக்கு எப்போதும் 0.25. இரண்டாமவர் 10 ஆட்டங்களில் வெல்லும் அணியைப் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் "100க்கு 60 வாய்ப்பு" என்கிறார், 6 பலிக்கின்றன. பலித்த ஆறுக்கு 0.16 வீதமும் பலிக்காத நான்குக்கு 0.36 வீதமும் கூட்டிப் பத்தால் வகுத்தால் 0.24. மூன்றாமவரும் அதே அணிகளையே சொல்கிறார். ஆனால் ஒவ்வொன்றையும் "நிச்சயம்" என்று மேசையைத் தட்டிச் சொல்கிறார். அவருக்கும் 6 பலிக்கின்றன. அவருடைய எண் 0.40. ஆறு சரியாகச் சொல்லியும், எதுவும் தெரியாது என்று ஒதுங்கிய முதலாமவரைவிட அவர் பின்தங்கிவிட்டார்.

விடுதியில் நண்பர்கள் எவரேனும் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், கணிப்புகளை ஆட்டத்துக்கு முன்பே தேதியிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, வேறொருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும். பத்து ஆட்டங்கள் போதா, நூறாவது வேண்டும். மறுநாள் காலைத் தேநீரின்போது "நான் அப்போதே நினைத்தேன்" என்று சொல்லப்படுபவை கணக்கில் சேரா.