மருமகனுக்கு, கப் டிசைன் பற்றி

சிவகாசி

அன்பு மருமகன் கதிருக்கு,

நீ அனுப்பிய ஐஸ்கிரீம் கப் டிசைன் திரையில் ஜோராக இருக்கிறது. கப்பாக ஒட்டினால் பார்ட்டி திருப்பி அனுப்பிவிடுவார். மேலே இருக்கும் வட்ட லோகோ அகலவாக்கில் உப்பியிருக்கிறது, கீழே பார்கோடு ஒடுங்கிக் கோணியிருக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் மொத்த டிசைனையும் அள்ளி, கண் மதிப்பில் 'ஆர்க்' வார்ப் போட்டிருக்கிறாய், அப்படித்தானே?

முதலில் கப்பைக் கையில் எடு. கனமான புத்தகத்தின் மேல் பென்சிலை அசையாமல் பிடித்துக்கொண்டு, அதன் முனையில் கப்பை ஒட்டி ஒரு சுற்றுச் சுற்று. வாய்க்கு இணையாக ஒரு கோடு விழும். பிறகு ஒட்டு இருக்கும் இடத்தில் கப்பைப் பிரித்து விரி. அந்தக் கோடு தாளில் வில்லாக வளைந்து கிடக்கும். அந்த வில் எவ்வளவு என்பதைக் கணக்குதான் சொல்லும், கண் சொல்லாது.

வாய் விட்டம் 80 மி.மீ., அடி விட்டம் 60, சரிவு உயரம் 100 என்று வைத்துக்கொள். சரிவு உயரத்தை வாய் விட்டத்தால் பெருக்கி, இரண்டு விட்டங்களின் வித்தியாசமான 20-ஆல் வகு. 400 வரும். அது வெளிவில்லின் ஆரம். 100-ஐக் கழித்தால் உள்வில்லுக்கு 300. கோணத்துக்கு, 180-ஐ 20-ஆல் பெருக்கி 100-ஆல் வகு: 36 பாகை. இந்தக் கப்பின் நடு உயரத்தில் நீ நேர்கோட்டில் ஒரு பட்டை போட்டால், பின்னால் ஒட்டு வரும் இடத்தில் அது 18 மி.மீ. மேலே ஏறி நிற்கும். வாய்ச் சுருள், அடி மடிப்பு, ஒட்டுக்கு விடும் தாள் எல்லாம் இந்தக் கணக்கில் இல்லை. கப் போடுகிறவரிடம் டை லைன், அதாவது வெட்டு வரைபடம், கேட்டு வாங்கி, உன் கணக்கோடு ஒத்துப்பார்.

எல்லாவற்றையும் வளைக்காதே. கப்பைச் சுற்றி ஓடும் பட்டை, பார்டர், பின்னணி இவை வளையட்டும். எழுத்து வரி வில்லின் மேல் ஓடட்டும், ஆனால் எழுத்து தன் உருவத்தில் நிற்கட்டும். லோகோ, படம் இரண்டையும் அவை நிற்கும் இடத்தின் சாய்வுக்குத் திருப்பினால் போதும். நடு அகலத்தை வைத்து மொத்தமாக வளைத்தால் மேலே ஏழில் ஒரு பங்கு விரியும், கீழே அதே அளவு ஒடுங்கும். உன் லோகோவுக்கு நடந்தது அதுதான்.

பார்கோடை வளைக்கவே கூடாது. இ.ஏ.என்-13 முழு அளவில் 37.29 மி.மீ. அகலம். 60 மி.மீ. விட்டத்தில் அது சுமார் 71 பாகை சுற்றிப் போகும். கோடுகள் நின்றவாக்கில் இருந்தால் இரண்டு ஓரமும் ஸ்கேனருக்குச் சிக்காது. கோடுகள் ஏணிப்படியாகக் கிடக்கும்படி திருப்பி வை.

ஷ்ரிங்க் ஸ்லீவ் பற்றிக் கேட்டிருந்தாய். அங்கே ஃபிலிமே சுருங்குகிறது. கட்டம் போட்ட ஸ்லீவை அச்சடித்து, பாட்டிலில் சுருக்கிப் பார்த்து, எந்தக் கட்டம் எவ்வளவு ஒடுங்கியது என்று அளந்த பிறகுதான் டிசைனைத் தொட வேண்டும். அதை நேரில் சொல்கிறேன்.

கப் டிசைன் ப்ளேட்டுக்குப் போகுமுன், கப்புக்குப் போடும் அதே கனத்துப் போர்டில் பிரிண்ட் எடுத்து, வெட்டி ஒட்டி டம்மி செய். ஒட்டில் பட்டை சேருகிறதா பார். பார்ட்டியிடம் திரைப் படத்துக்கு ஓகே வாங்காதே, டம்மியிலேயே கையெழுத்து வாங்கு. கோடை ஆர்டர் குவிகிற நேரம், அவசரப்படுத்துவார்கள், காது கொடுக்காதே. டம்மி இரண்டு செய்து ஒன்றை எனக்குக் கூரியரில் போடு, நசுங்காமல் டப்பாவில் வைத்து.

அக்காவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மாமா