வண்டியகத்துத் தட்பமும் வெப்பமும்

மதுரையினின்று கொடைக்கானலுக்குச் செல்லும் மோட்டார் வண்டி ஒரே பகலில் இரண்டு பருவங்களைக் கடந்து செல்கின்றது. அடிவாரத்தில் வெயில் வருத்த, உள்ளிருப்போர் குளிர்காற்றை வேண்டுவர். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மூடுபனி சூழ்ந்த மாலையில் அவர்களே வெப்பக்காற்றை வேண்டுவர். இவ்விரண்டையும் அளிக்கும் கருவிகள் பழுதுறின் அதன் காரணத்தை எங்ஙனம் ஆராய்ந்தறிவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். இஃது உடற்சுகம் பற்றிய சிறு செய்தியென எண்ணற்க. யானும் ஒருகால் அங்ஙனமே எண்ணியிருந்தேன்; அவ்வெண்ணம் நீங்கிய வரலாற்றைப் பின்னர்க் கூறுவேன்.

வண்டியகத்திற்கு வெப்பமூட்டும் முறை முன்னே தோன்றிற்று. குளிரூட்டும் முறை பின்னே வந்தது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நாஷ் நிறுவனத்தார், வெளிக்காற்றை வடிகட்டி, என்ஜினின் வெந்நீரால் சூடாக்கி உட்செலுத்தும் அமைப்பை வெளியிட்டனர். 1939இல் பாக்கார்டு நிறுவனத்தார் குளிரூட்டும் கருவி பூண்ட வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். அக்கருவியை நெடுநாள் நிறுத்திவைக்க வேண்டின், என்ஜினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையாற் கழற்ற வேண்டியிருந்ததாம். இன்று ஒரு விரல் அதனைச் செய்துவிடுகின்றது. ஆயினும் உள்நிகழும் தொழில் பெரும்பாலும் அதுவே.

அத்தொழிலை முதலில் உணர்தல் வேண்டும். குளிர் என்பது புதிதாக ஆக்கப்படும் பொருளன்று. வெப்பத்தை ஓரிடத்தினின்று எடுத்து மற்றோரிடத்திற் கொண்டுபோய் விடுதலே குளிரூட்டல். கம்ப்ரஸர் கேஸை அழுத்துகின்றது. அழுத்தமும் சூடும் மிக்க அக்கேஸ், ரேடியேட்டருக்கு முன்னுள்ள கண்டென்சரில் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து நீர்மமாகின்றது. பின் ஒரு நுண்துளை வழியே அழுத்தம் குறைந்து, எவாபரேட்டரில் ஆவியாகுங்கால் வண்டியகத்து வெப்பத்தைக் கவர்ந்துகொள்கின்றது. வெப்பமூட்டலோ எளிது. என்ஜினைச் சுற்றிவரும் கூலண்டின் ஒரு பகுதி, காற்றுப்பெட்டியினுள் அமைந்த சிறு ரேடியேட்டர் வழியே பாய்கின்றது. விசிறி அதன்மேற் காற்றை வீசுகின்றது. வீணாகும் வெப்பமே ஈண்டுப் பயனாகின்றது.

இனி ஆராயும் முறையைக் காண்போம். மருத்துவன் பிணி இன்னதென்றும் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே அதனைப் போக்கும் வழியைத் தேடவேண்டும் என்று வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு இதற்கும் பொருந்தும். காற்று வருகின்றதா, குளிர் வருகின்றதா, வெப்பம் வருகின்றதா என்னும் மூன்று வினாக்களை இம்முறையே கேட்டல் வேண்டும்.

முதலாவது, காற்று. காற்றே வராவிடின் ஃப்யூஸையும் விசிறி மோட்டாரையும் நோக்குக. உச்ச வேகத்தில் மட்டும் விசிறி சுழலுமாயின், பல வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் மின்தடையே கெட்டிருக்கும். ஓசை மிகுந்து காற்றுக் குறையின், ஃபில்டர் தூசியால் அடைபட்டிருக்கும். அதனை மாற்றுதல் பெரும்பாலும் நாமே செய்யத்தக்க சிறு வேலை. முதலில் நன்கு வீசிப் பின் மெல்ல மெல்லக் காற்றுக் குன்றி, ஏசியைச் சிறிது நேரம் நிறுத்தியபின் மீண்டும் வீசுமாயின், எவாபரேட்டரின்மேற் பனிக்கட்டி படிந்திருத்தல் கூடும்.

இரண்டாவது, குளிர். வண்டி ஓடுங்காற் குளிர்ந்தும் நிற்குங்கால் வெம்மையாகியும் காற்று வருமாயின், கண்டென்சருக்குக் காற்றூட்டும் விசிறி தொழிற்படவில்லை, அல்லது கண்டென்சர் சேறும் பூச்சிகளும் படிந்து அடைபட்டுள்ளது எனக் கொள்க. ஒருபுறம் குளிரும் மறுபுறம் வெப்பமும் வருமாயின், காற்றைப் பங்கிடும் உட்கதவு சிக்கியிருத்தல் கூடும். கம்ப்ரஸர் தொழிற்படவே இல்லையெனின், கேஸ் குறைந்திருக்கலாம், மின்னிணைப்பும் பழுதாகியிருக்கலாம்.

ஈண்டுப் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. கோடைதோறும் பெட்ரோல் நிரப்புவதுபோற் கேஸ் நிரப்புவர். கேஸ் எரிந்து செலவாகும் பொருளன்று. மூடிய குழாய்க்குள் சுற்றுவது. அது மிகக் குறைந்ததெனின் எங்கோ கசிந்தது என்பதே பொருள். கசிவிடத்தில் எண்ணெய்ப் பசையோடு தூசி படிந்திருப்பது பலகாற் காணப்படும். கசிவை அடைக்காது நிரப்புதல் பொருள்நட்டம் மட்டுமன்று. பழைய ஆர்-12 என்னும் கேஸ் ஓசோன் படலத்தை அழிப்பதென்று கண்டு, 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையால் அது விலக்கப்பெறும் வழி பிறந்தது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது. ஆயினும் நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமிலவாயுவினும் சுமார் 1,400 மடங்கு புவியை வெப்பமுறச் செய்யவல்லது. நம் குளிருக்காகப் பிறர் வெம்மையைப் பெருக்குதல் முறையோ?

மூன்றாவது, வெப்பம். மேற்குறித்த வரலாற்றை இனிக் கூறுவேன். ஒரு மழைக்கால மாலையில் எம் குடும்பத்தார் பழைய வண்டியொன்றில் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தோம். எம் மூச்சின் ஈரம் முன்கண்ணாடியிற் படிந்து பாதையை மறைத்தது. வண்டியோட்டிய தாய்மாமன் ஹீட்டரைத் திருப்பினார், குளிர்காற்றே வந்தது. “இது கெட்டுப் பலநாள் ஆகியிருக்கும், கிடக்கட்டும்,” என்று துணியாற் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே செலுத்தினார். சிறிது தொலைவில் என்ஜின் சூட்டுமுள் உச்சியைத் தொட்டது. வண்டியை நிறுத்தி ரேடியேட்டர் மூடியிற் கைவைத்தார். பின்னே வந்து நின்ற லாரியின் ஓட்டுநர், முதியவர், விரைந்து வந்து, “ஐயா, கையை எடுங்கள்! ஆறட்டும். இப்போது திறந்தால் முகமே வெந்துபோகும்,” என்று தடுத்தார்.

அவர் கூறியது மெய். அழுத்தத்தில் அடைபட்ட கூலண்ட் 100 பாகைக்கு மேற்பட்டும் கொதியாது நிற்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே ஆவியாகிச் சீறும். என்ஜின் நன்கு ஆறிய பின்னர்ப் பார்த்தபோது, குழாயிணைப்பு ஒன்று தளர்ந்து கூலண்ட் பெரும்பாலும் ஒழுகிப்போயிருந்தது. நீர் குறைந்தமையால் ஹீட்டருக்கு வெந்நீர் எட்டவில்லை. அக்குறையாலேயே என்ஜினும் கொதித்தது. உள்ளே வந்த குளிர்காற்று ஹீட்டரின் குற்றமன்று. என்ஜின் அனுப்பிய எச்சரிக்கை. அதனை யாம் உணர்ந்திலோம்.

ஆகவே ஹீட்டர் குளிர்ந்து சூட்டுமுள் ஏறுமாயின் உடனே வண்டியை நிறுத்துக. ஹீட்டர் குளிர்ந்து முள்ளும் தாழ்ந்தே நிற்குமாயின், தெர்மோஸ்டாட் மூடாது திறந்தே நிற்கின்றதென ஐயுறலாம். முள் செவ்வனே நிற்க, ஹீட்டர்க் குழாய்கள் இரண்டில் ஒன்று சுட்டு மற்றொன்று தண்ணென்றிருப்பின் இடையே அடைப்புண்டு. உள்ளே இனிய மணம் வீசிக் கண்ணாடியிற் பசைப்படலம் படியுமாயின், கூலண்ட் உள்ளே கசிகின்றது. அது நஞ்சாதலின் குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அணுகவிடலாகாது. ஏசி ஓடுங்கால் வண்டியின் கீழே சொட்டும் தெளிநீரோ குற்றமன்று. காற்றினின்று பிரிந்த ஈரமே அது. அந்நீர் வெளியேறாது காலடியில் தேங்குமாயின் வடிகுழாய் அடைபட்டதென அறிக.

கண்ணாடியில் ஈரம் படிந்தால் வெளிக்காற்றை உள்ளே விடுத்து, ஏசியையும் ஹீட்டரையும் ஒருங்கே இயக்குக. முன்னது ஈரத்தை நீக்கும். பின்னது கண்ணாடியைச் சூடாக்கும். பகைபோல் தோன்றும் தட்பமும் வெப்பமும் ஈண்டு நட்பாகி நம் கண்ணைத் திறக்கின்றன.

சிறு குறை பெருங்கேட்டின் தூதாக வருதல் உண்டு. அதனைத் துணியால் துடைத்துவிட்டு மேற்செல்லாது, நின்று காரணம் கேட்பதே அறிவுடைமை. அன்று எம்மை நிற்கச்செய்த அம்முதியவர் பெயரையும் யாம் கேட்டிலோம். அவர் கற்பித்த பாடத்தை ஈண்டு எழுதிவைப்பதே யான் செலுத்தும் நன்றியாகும்.