பொறியியல் பயிலப் புகுவார்க்குப் பல்கலைக்கழகத் தேர்வு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்த சில நாட்களுள், ஒவ்வோராண்டும் என் வீட்டு மதிலோரத்தில் இரண்டு மூன்று துவிச்சக்கரவண்டிகள் சாத்தப்பட்டிருத்தலைக் காண்கிறேன். கணிதப் பிரிவிற் சித்தியெய்திய மாணவரும், அவர்தம் தந்தையரும், சிலவேளை தாய்மாமன்மாரும் வருவர். வினா ஒன்றே: "ஐயா, எஞ்சினியறிங் படிக்க எந்த யூனிவேசிற்றி நல்லது?" நமது கல்லூரியின் பழைய மாணவன் என்ற முறையிலும், முப்பத்தைந்து ஆண்டு குடிசார் பொறியியலாளனாகப் பாலமும் வீதியும் அமைத்தவன் என்ற முறையிலும் அவர்களுக்கு யான் கூறும் விடையைச் சற்று விரித்து எழுதுமாறு இம்மலரின் ஆசிரியர் பணித்தார். அவ்விடை வந்தவர்க்குப் பெரும்பாலும் உவப்பதில்லை. வினாவே பிழைபட அமைந்துள்ளது என்றன்றோ தொடங்குகிறேன்!

முன்னாளில் இவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. 1893 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொழினுட்பக் கல்லூரியில் மருதானையிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைக்குத் தோற்றுவதே இந்நாட்டில் இருந்தவாறு பொறியியற் பட்டம் பெறும் வழியாய் இருந்தது. 1950 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பில் தொடங்கி, அறுபதுகளின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் 1966 இல் அமைந்த தொழினுட்பவியற் கல்லூரி, 1972 இற் பல்கலைக்கழக வளாகமாகிப் பின்னர் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. நெடுங்காலம் பேராதனை, மொறட்டுவை என்னும் இரு பெயரே நம்மவர் நாவில் வழங்கின. எழுபதுகளிலே தரப்படுத்தலும் மாவட்டப் பங்கீடும் வந்தபோது, கணிதத்தில் வல்ல எத்தனையோ பிள்ளைகளுக்கு அவ்விரண்டும் எட்டாக்கனியாய்ப் போனதை என் வயதினர் மறவார்.

இன்றோ காலியை அடுத்த ஹப்புகலையில் ருகுணுப் பல்கலைக்கழகத்தின் பீடம் 1999 முதல் நடைபெறுகின்றது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பொறியியற் பீடங்களை நடத்துகின்றன. ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் ஒரு பீடம் உண்டு. இவையாவும் அரசினர் செலவிற் கற்பிப்பன. தெரிவு வந்தது, கூடவே மயக்கமும் வந்தது.

மயக்கத்தின் முதற்கூறு விண்ணப்பப் படிவத்திலேயே தொடங்குகிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் படிவத்தில் மாணவன் தன் விருப்புக்களை வரிசைப்படுத்தி எழுதுகிறான். அவனுடைய இசட் புள்ளி எந்த விருப்பு வரைக்கும் இடந்தருமோ, அவற்றுள் மேலேயுள்ளது அவனுக்கு வழங்கப்படும். இடங்களில் நூற்றுக்கு நாற்பது அகில இலங்கைத் திறமை வரிசையிலும், ஐம்பத்தைந்து மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய ஐந்து பின்தங்கிய மாவட்டங்களுக்கும் பங்கிடப்படும். ஆதலின், "இது கிடைக்காது, அதை முதலில் எழுது" என்று சூழ்ச்சி சொல்லும் அயலவரை நம்புதல் வேண்டா. கிடைக்காத ஒன்றை முதலில் எழுதியதனால் அடுத்தது கெட்டுப்போவதில்லை. உண்மையான விருப்பு எதுவோ அதுவே முதலில் நிற்க வேண்டும். ஆனால் அந்த உண்மையான விருப்பை அறிவது எங்ஙனம்? அங்கேதான் பலர் வழுக்குகின்றனர்.

பல்கலைக்கழகத்திற் புகுதல் வேறு. விரும்பிய துறையிற் புகுதல் வேறு. நம் பீடங்களிலே முதற் பருவத்திலோ முதலாண்டிலோ எல்லா மாணவரும் பெரும்பாலும் பொதுப் பாடங்களையே கற்பர். கணிதம், வரைதல், பொறிமுறை, மின்னியல், கணினி நிரலாக்கம் என இவை அமையும். பின்னர் அப்பாடங்களில் எய்திய புள்ளிகளைக் கொண்டே குடிசார், மின், இயந்திர, கணினிப் பொறியியல் முதலான துறைகள் வகுக்கப்படும். மொறட்டுவையில் இவற்றோடு இரசாயனச் செய்முறை, மூலப்பொருள், புடைவை முதலிய துறைகளும் உள. பெயர் பெற்ற பீடத்தில் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை மேலே நின்று புகுந்தவன், தீவின் தலைசிறந்த மாணவரோடு அவ்வொரு சில மாதங்களிலே மீண்டும் போட்டியிடுகிறான் என்பதை எத்தனை தந்தையர் அறிவர்?

சில ஆண்டுகளுக்கு முன் நமது கல்லூரியிலிருந்து ஒரே வகுப்பு மாணவர் இருவர் என்னிடம் வந்தனர். இருவர்க்கும் புள்ளி ஏறக்குறைய ஒன்றே. இருவரும் குடிசார் பொறியியலே வேண்டும் என்றனர். ஒருவன் பெரிய பெயரையே பற்றி நின்று அங்கே புகுந்தான். முதற் பரீட்சையில் நடுத்தரமாகவே செய்தான். விரும்பிய துறை கிடைக்கவில்லை. தான் கேள்விப்பட்டுமிராத ஒரு துறையிற் சேர்க்கப்பட்டான். மற்றவன் சிறிய பீடமொன்றை முதல் விருப்பாக எழுதினான். ஊரார் நகைத்தனர், தாய் ஒரு கிழமை பேசாதிருந்தார். அவன் அங்கே குடிசார் துறையையே பெற்று, இன்று நீர்ப்பாசன வேலையில் இருக்கிறான். முதலாமவன் கெட்டுப்போனான் என்று கூறேன். புதிய துறையிலே நாட்டங்கொண்டு நன்றாகவே தேறினான். ஆயினும் அது அவன் தேர்ந்த வாழ்வன்று; அவனுக்கு நேர்ந்தது. ஆகவே, "எந்தப் பல்கலைக்கழகம் பெரிது?" என்று கேளாது, "அங்கே எனக்குக் கிடைக்கக்கூடிய இருக்கை எது?" என்று கேட்டல் வேண்டும். துறை எதுவாயினும் ஆகுக, இடமே முக்கியம் என்பாற்கு இவ்வாராய்ச்சி வேண்டா. அவன் பெரிய பெயரையே எழுதட்டும்.

இன்னொன்றையும் இவ்விடத்திற் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பீடங்களிலும் போதனாமொழி ஆங்கிலம். தமிழிலே இணைந்த கணிதம் கற்று முதன்மை பெற்ற பிள்ளைகள் முதலாண்டில் இடறுவது கணிதத்தால் அன்று. விரிவுரையாளர் சொல்வது காதில் விழுந்தும் மனத்திற் புகாமையால். அம்முதலாண்டிலேயே துறை தீர்மானமாகிவிடுவதால், பெறுபேறு வந்ததற்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடைப்பட்ட மாதங்களை ஆங்கிலத்துக்குக் கொடுப்பதே துறைத் தேர்வுக்குச் செய்யும் முதல் ஆயத்தம். சினிமாவுக்குப் போகாதே என்று சொல்லவில்லை. ஆங்கிலச் சினிமாவுக்குப் போ என்றே சொல்வேன்.

ஒரு பீடத்தை எடைபோடுவது எப்படி? உலகப் பல்கலைக்கழக வரிசைப் பட்டியல்களைக் கொண்டு வருவோர் பலர். அப்பட்டியல்கள் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும், அவை பிறரால் எடுத்தாளப்படும் தொகையையும், அறிஞரிடையே நிலவும் நற்பெயரையும் மிகுதியாக அளப்பன. இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் கொங்கிறீற்றுக் கட்டியை நசுக்கும் பொறியைத் தன் கையால் இயக்கினானா, அன்றிப் பன்னிருவர் பின்னே நின்று எட்டிப் பார்த்தானா என்பதை அவை அளப்பதில்லை. எனக்கு அதுவே பெரிது. ஆய்வுகூடத்திற் குழு ஒன்றுக்கு எத்தனை மாணவர், பொறிகள் வேலை செய்கின்றனவா, துறையிற் கலாநிதிப் பட்டம் பெற்ற நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர், அவருள் வெளிநாட்டு விடுமுறையிற் சென்றோர் எத்தனை பேர், தொழிற்பயிற்சிக்கு மாணவரை எவ்வெத் தாபனங்கள் ஏற்கின்றன என்று இறுதியாண்டு மாணவன் ஒருவனைத் தனியே அழைத்துக் கேட்டால் அரைமணி நேரத்தில் உண்மை வெளிவரும். நாட்டின் பொருளாதாரம் நொந்த 2022 இன் பின் விரிவுரையாளர் பலர் கடல் கடந்தனர். பழைய பெயரை மட்டும் நம்பிப் போகிறவர்க்கு வெற்று நாற்காலியும் எதிர்ப்படலாம்.

புதிய பீடம் என்றால் முகஞ் சுளிப்பவர்க்கு ஒருவரை நினைவூட்டுவேன். பேராசிரியர் அழகையா துரைராசா பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிலிருந்து சென்று பொறியியல் பயின்றபோது, நம் நாட்டின் பொறியியற் பீடத்துக்குப் பத்து வயதும் நிரம்பவில்லை. நிலையான இருப்பிடமும் அதற்கு அமைந்திருக்கவில்லை. அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குச் சென்ற அவர், றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் சேர்ந்து 1963 இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை மண் பொறியியலின் அடிப்படைகளுள் ஒன்றாக இன்றும் எடுத்தாளப்படுகின்றது. பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகக் கொடிய யுத்த காலத்திற் பணியாற்றி 1994 இல் மறைந்தார். பீடத்தின் வயது அவரைத் தடுக்கவில்லை.

இனி, பணங்கொடுத்துப் படிக்க எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. என் உறவினர் ஒருவர் தோட்டக்காணியை விற்று மகனைத் தனியார் கல்லூரி ஒன்றிற் சேர்த்தார். விளம்பரத்திற் பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. நான்காண்டு சென்றபின், அப்பட்டம் தொழிற்சங்க அங்கத்துவத்துக்குப் போதாது என்று தெரியவந்தது. பல்கலைக்கழகம் பொய்யன்று, அந்தக் கற்கைநெறிக்குத்தான் அங்கீகாரம் இல்லை. இவ்வேறுபாட்டை யாவரும் அறிதல் வேண்டும். 1989 இல் ஆறு நாடுகளின் பொறியியற் சங்கங்கள் செய்துகொண்ட வாஷிங்டன் உடன்படிக்கையின்படி, ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியற் பட்டத்தை மற்றைய நாடுகளின் சங்கங்களும் ஒப்பாக மதிக்கும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் இந்தியாவின் சபையும் 2014 இல் அதில் முழு அங்கத்துவம் பெற்றன. ஆனால் அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு அன்று, தனித்தனிக் கற்கைநெறிக்கே, அதுவும் குறித்த ஆண்டுகளுக்கே வழங்கப்படும். தமிழ்நாட்டிற் கல்லூரி தேடுவோர், அரசின் அனுமதி பெற்ற கல்லூரி எல்லாம் இவ்வுடன்படிக்கைக்கு உட்பட்டதென மயங்கற்க. பிரித்தானியாவிலோ, அங்கீகாரம் பெற்ற முதுநிலைப் பொறியியற் பட்டமே பட்டயப் பொறியியலாளர்க்குரிய கல்வித் தகுதியை முழுமையாக நிறைவு செய்யும். மூன்றாண்டு இளநிலைப் பட்டத்தார் மேலும் கற்றல் வேண்டும். கட்டணத்தைக் கணக்கிடுமுன் இதனைக் கணக்கிடுக.

பெயரொப்புமையாலும் ஏமாற்றம் உண்டு. 'பொறியியல்' வேறு, 'பொறியியற் தொழினுட்பவியல்' வேறு. பின்னையது இழிந்ததன்று, வேலைத்தலத்தில் அதற்கு மிக்க தேவையுண்டு. ஆனால் 2017 ஆம் ஆண்டின் பொறியியற் பேரவைச் சட்டத்தின் கீழ் இவ்விரு வகையார் பதியப்படும் நிரல் வேறு. எதிற் சேர்கிறோம் என்று அறிந்து சேர்தல் நன்று.

அரசினர் பீடத்தில் இடங்கிடையாதவர் பலர் இதனை வாசிக்கும்போது மனம் புழுங்குவர் என்பதை அறிவேன். திறந்த பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே பொறியியற் பட்டம் பெற வழிசெய்கின்றது. காலம் நீளும், இடைநடுவிற் கைவிடுவோரும் உளர். மொறட்டுவையின் தேசிய தொழினுட்பவியல் டிப்ளோமா இரண்டாண்டுப் படிப்பும் ஓராண்டுத் தொழிற்பயிற்சியும் கொண்டது. என் கீழ் வேலை பார்த்தவருள், வரைபடத்தை ஒருமுறை நோக்கியே பிழை கண்டவர் அந்த டிப்ளோமாக்காரர் ஒருவரே. பட்டதாரியாகிய யான் அன்று அவரிடம் கற்றது பல.

இவ்வாண்டுப் படிவத்தை நிரப்பவிருக்கும் தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் ஒன்று. அறிவியல் நகர் கண்டி வீதியிலேயே உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் பேருந்து ஏறினால் மாலையில் வீடு திரும்பலாம். பேராதனைக்கும் மொறட்டுவைக்கும் ஓர் இரவுப் பயணம் போதும். விடுமுறை நாளிற் செல்லற்க. விரிவுரை நடைபெறும் நாளிற் செல்க. நமது கல்லூரிப் பிள்ளைகள் எல்லா இடத்திலும் இருக்கின்றனர். கேட்டால் ஆய்வுகூடத்தைக் காட்டுவர். விடுதிச் சோற்றையும் தருவர்.