எண்களில் நம் ஊர் எங்கே?

ஒரு நாட்டின் தாய்மாரும் பிள்ளைகளும் எவ்வாறு வாழ்கின்றனர் என்பதை அறிய வைத்தியசாலைப் பதிவுகள் மட்டும் போதா. அங்கு வந்தவரை அவை காட்டும், வராதவரைக் காட்டா. ஆகவேதான் வீடுகளுக்கே சென்று விசாரிக்கும் ஆய்வுகள் நடத்தப்படுகின்றன. இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 1975இல் உலகக் கருவள ஆய்வின் ஓர் அங்கமாக இத்தகைய ஆய்வை நடத்தியது. பின்னர் குடித்தொகை சுகாதார ஆய்வு என்ற பெயரில் 1987, 1993, 2000, 2006/07, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்பணி தொடர்ந்தது. திட்டமிடுவோர் எடுத்தாளும் எண்களிற் பல இவற்றிலிருந்து வந்தவை. அவற்றை எவ்வாறு வாசிப்பது என்பதே இப்பாடம்.

1. எண் எப்படிப் பிறக்கிறது?

எல்லா வீடுகளுக்கும் செல்வது இயலாது. எனவே நாடெங்கும் சில பகுதிகளையும், அவற்றுட் சில வீடுகளையும் எழுமாறாகத் தெரிவு செய்கின்றனர். 2016இல் 27,000க்கும் மேற்பட்ட வீடுகள் விசாரிக்கப்பட்டன. 15 முதல் 49 வயது வரையான, திருமணமான அல்லது முன்பு திருமணமாகியிருந்த பெண்கள் 18,000க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். பெற்ற பிள்ளைகள் ஒவ்வொருவரும் எப்போது பிறந்தனர், உயிருடன் உள்ளனரா, இறந்திருந்தால் எந்த வயதில் என்று கேட்கப்பட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் அடிப்படையும் இதுவே. ஆனால் ஒரு சோறு தான் இருந்த பானைக்கு மட்டுமே பதம் சொல்லும். அடுத்த பானைக்குச் சொல்லாது. இதை மனத்தில் இருத்துவோம்.

இன்னொன்றையும் கவனிப்போம். பிறப்புப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் உயிருடன் உள்ள தாய். பிரசவத்தில் இறந்த தாய் பதில் சொல்ல வரமாட்டார். அவர் போன்றோரை அறிய வேறு பதிவுகள் வேண்டும்.

2. சில சொற்களின் பொருள்

மொத்தக் கருவள வீதம்: பிறப்பு நிலைமை மாறாதிருப்பின், ஒரு பெண் தன் கருவளக் காலம் முழுவதிலும் பெறக்கூடிய பிள்ளைகளின் சராசரித் தொகை. இது 1987இல் 2.8, 1993இல் 2.3, 2016இல் 2.2.

சிசு மரண வீதம்: உயிருடன் பிறந்த 1,000 பிள்ளைகளில் முதலாவது பிறந்த நாளுக்கு முன் இறப்போர் தொகை. 2016 ஆய்வில் இது 10.

குடும்பத் திட்டமிடல்: 2016இல் திருமணமான பெண்கள் 100 பேரில் சுமார் 65 பேர் ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொண்டனர். இவர்களில் 54 பேரளவில் நவீன முறைகளையும், 11 பேரளவில் மரபுவழி முறைகளையும் பின்பற்றினர். இந்த எண் எத்தனை பேர் என்று மட்டுமே சொல்கிறது. அந்தப் பெண்ணுக்கு யாவும் விளக்கப்பட்டனவா, கணவனும் மனைவியும் கலந்து முடிவெடுத்தனரா, எவரேனும் வற்புறுத்தினரா என்பவற்றை இந்த எண் சொல்லாது. எண் உயர்ந்தது என்பதற்காகவே மகிழ்வதும், தாழ்ந்தது என்பதற்காகவே வருந்துவதும் சரியன்று.

3. சராசரி மறைப்பது

வயதுக்கேற்ற உயரமில்லாமை நீண்டகாலப் போசாக்குக் குறைவின் அடையாளம். 2016இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17 வீதத்தினர் இந்நிலையில் இருந்தனர். இது நாட்டின் சராசரி. பிரித்துப் பார்த்தால் நகர்ப்புறத்தில் சுமார் 15, கிராமப்புறத்தில் 17, தோட்டப்புறத்தில் சுமார் 32. தோட்டத்துப் பிள்ளைகள் மூவரில் ஒருவர் அளவில் இக்குறைக்கு ஆளாகியிருந்தனர். ஆயினும் அவர்கள் நாட்டுப் பிள்ளைகளில் சிறு தொகையினர் என்பதால் சராசரி அதிகம் அசையவில்லை. சராசரியை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவர் லயன் அறைக்குள் இருக்கும் பிள்ளையைக் காணமாட்டார்.

4. திறக்கப்படாத பானை

1975 ஆய்வு நாடு முழுவதிலும் நடந்தது. 1987, 1993, 2000 ஆய்வுகள் போர் காரணமாக வடக்கையும் கிழக்கையும் முழுமையாக உள்ளடக்கவில்லை. 2006/07இல் கிழக்கு சேர்க்கப்பட்டது. வட மாகாணம் விடுபட்டது. 25 மாவட்டங்களும் 2016இல்தான் ஒன்றாக எண்ணப்பட்டன. இடம்பெயர்ந்தும், மருந்தின்றியும், அரைவயிறு உண்டும் தாய்மார் பிள்ளை வளர்த்த அதே ஆண்டுகளில், அவர்கள் நாட்டின் எண்ணுக்கு வெளியே இருந்தனர். எண்ணப்படாதவரின் துயரம் இல்லாத துயரமாகிவிடாது.

ஒப்பிடும்போதும் இதை மறக்கலாகாது. கருவள வீதம் 2000இல் 1.9, 2006/07இல் 2.3. கூடிவிட்டது என்று உடனே கூறுமுன், இரு ஆய்வுகளும் ஒரே நிலப்பரப்பில் நடந்தவை அல்ல என்பதை நோக்க வேண்டும். அவ்வாறே, 2016இன் எண்கள் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்கு முற்பட்டவை. அதன் பின் ஒரு வீட்டு அடுப்பில் நேர்ந்ததை அவை அறியா.

5. நாம் செய்யக்கூடியவை

அ. எந்த எண்ணைக் கேட்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம்: எந்த ஆண்டு? எந்தப் பகுதி? எவர் விடுபட்டனர்?

ஆ. விசாரிக்க வருபவரிடம் முதலில் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்ப்போம். பின் உள்ளதை உள்ளவாறே சொல்வோம். இறந்த பிள்ளையைப் பற்றிச் சொல்வது தாய்க்கு வேதனையே. ஆயினும் சொல்லப்படாத மரணம் கணக்கில் வராது. பெண் தனியே பதில் சொல்ல வீட்டார் இடம்விட வேண்டும்.

இ. இவ்வாய்வுகள் மாவட்ட நிலையைக் காட்டலாம். ஒரு கிராமத்தின் நிலையைக் காட்டா. அதை அறிய மருத்துவ மாதுடன் சேர்ந்து மாதர் சங்கம் முயலலாம். தாய்மாரின் சம்மதத்துடன் நிறை அட்டைகளைப் பார்க்கலாம். இருபது பிள்ளைகள் உள்ள ஊரில் ஒரு பிள்ளையே ஐந்து வீதம். அங்கு வீதக்கணக்கு வேண்டாம். எந்தப் பிள்ளை, எந்த வீடு, என்ன தேவை என்று அறிந்தாற் போதும். ஆனால் அப்பிள்ளையின் பெயரைக் கூட்டத்தில் சொல்லி அக்குடும்பத்தை வெட்கப்படுத்தலாகாது.

கலந்துரையாடலுக்கு

1. நமது ஊரில் எந்த வீடுகள் எல்லாக் கணக்கிலிருந்தும் விடுபடுகின்றன? ஏன்?

2. கடந்த ஓராண்டில் நிறை கூடாத பிள்ளைகள் நம்மிடையே உள்ளனரா? அவர்களின் தாய்மாருக்கு வேலை நேரத்தில் பிள்ளையைப் பார்க்க யார் இருக்கின்றனர்?

3. அடுத்த கூட்டத்திற்கு முன் மருத்துவ மாதுவைச் சந்திக்க யார் செல்வது?