பெயிண்டிங் காண்டிராக்ட் தொழிலை வளர்ப்பது எப்படி?

நமது சங்க உறுப்பினர்களில் பலருடைய பிள்ளைகளும் தம்பிமார்களும் பெயிண்டிங் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறார்கள். வேறு சிலர் மளிகையோடு பெயிண்ட் சரக்கும் போட்டிருக்கிறார்கள். இரு சாராருக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறேன். மளிகை மட்டும் நடத்துபவர்களும் படிக்கலாம்; காண்டிராக்டருக்கு வீட்டுச் சாமான் கடன் கொடுப்பவர்கள் அவர்கள்தானே!

1942-ம் ஆண்டு பம்பாயில் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஏசியன் பெயிண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அப்போது சந்தை வெளிநாட்டுக் கம்பெனிகளின் கையில் இருந்தது. நகரத்துப் பெரிய மொத்த வியாபாரிகள் இவர்களை மதிக்கவில்லை. எனவே சிற்றூர்க் கடைகளை நேரடியாகத் தேடிப் போனார்கள். நாம் மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் பூசுகிறோம் அல்லவா? அதுபோல் மகாராஷ்டிரத்தில் ‘போளா’ என்ற பண்டிகை உண்டு. அந்த விவசாயிக்குப் பெரிய டப்பா எதற்கு? சிறிய அளவில் அடைத்துக் கொடுத்தார்கள், சரக்கு ஓடியது. 1954-ல் ஆர்.கே. லட்சுமண் வரைந்த ‘கட்டு’ என்ற பையன் படம் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அடையாளமாயிற்று. 1967 வாக்கில் இந்தியாவின் முதலிடம் அவர்களுடையது. பெரியவர்கள் வேண்டாம் என்று விட்ட வாடிக்கையைப் பிடித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்தில் தொழில் தொடங்குகிறவரும் அப்படியே செய்யலாம். மாடி வீட்டையும் கல்யாண மண்டபத்தையும் மட்டும் எதிர்பார்த்து உட்கார வேண்டாம். ஒரு அறை, ஒரு கதவு, கடையின் முன்பக்கம், ஓதம் ஏறிய ஒரு சுவர் என்று யாரும் தொடாத சில்லறை வேலைகளை எடுங்கள். ஒரு சுவரைச் சுத்தமாக முடித்துக் கொடுத்தவரைத்தான் முழு வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். விளம்பரப் பலகை அதற்குப் பிறகுதான்.

வேலை பேசும்போது குத்துமதிப்பாகத் தொகை சொல்லக் கூடாது. டேப் பிடித்து அளந்து, சதுர அடிக் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். பட்டி பார்ப்பது உண்டா, பிரைமர் உண்டா, எத்தனை கோட், எந்தக் கம்பெனியின் எந்த ரகம், சாரம் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்க வேண்டும். டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வருவது ஊரறிந்த செய்தி. டோக்கனுக்காக ரகத்தை மாற்றுகிறவரை வீட்டுக்காரர் ஒரு முறைதான் நம்புவார்.

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். உதாரணமாக 3,000 சதுர அடிச் சுவர்; சதுர அடி 16 ரூபாய் வீதம் 48,000 ரூபாய்க்குப் பேசியாயிற்று. பெயிண்ட், பிரைமர், உப்புத்தாள் வகையில் 16,000 என்று கொள்வோம். மூன்று ஆள், எட்டு நாள், ஆளுக்கு 900 ரூபாய் என்றால் கூலி 21,600. சாரம், வண்டி, பின்னால் வரும் சில்லறைத் திருத்தம் எல்லாம் 3,000. ஆக மீதி 7,400 ரூபாய். இதுதான் காண்டிராக்டரின் சொந்தப் பணம்.

வழக்கப்படி அட்வான்ஸ் 15,000 வாங்கி, மீதியை முடிவில் வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார். அட்வான்ஸ் சரக்குக்கே போதாது. சனிக்கிழமை வந்தால் ஆறு நாள் கூலி 16,200 கையில் வேண்டும். என்ன செய்வார்? அடுத்த வீட்டில் அட்வான்ஸ் வாங்கி இந்த வீட்டுக் கூலியைக் கொடுப்பார். மூன்றாவது வீட்டுப் பணம் இரண்டாவது வீட்டுக்குப் போகும். வெளியிலிருந்து பார்த்தால் தொழில் அமோகமாக வளர்வதாகத் தெரியும். ஒரு வீட்டுக்காரர் பாக்கியை இழுத்தால் எல்லா வேலையும் ஒரே வாரத்தில் நிற்கும். ஆட்கள் வேறு இடம் போய்விடுவார்கள்.

தவணையை மாற்றிப் பேசுங்கள். ஆரம்பத்தில் 16,800, முதல் சனிக்கிழமை, முடிந்த அறைகளைக் காட்டி இன்னொரு 16,800, வேலை முடிந்ததும் 9,600, பதினைந்து நாள் கழித்துக் குறை பார்த்துச் சரிசெய்த பின் 4,800. சரக்கும் கூலியும் அந்தந்த வீட்டுப் பணத்திலேயே தீரும். கடைசித் தொகையைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும்போதே வீட்டுக்காரருக்கு ஒரு தைரியம் வருகிறது. இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்களில் தீபாவளியை ஒட்டிக் கையில் பணம் இருக்கும். அதுவோ ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். வெளிச்சுவர் ஈரத்தில் பூசினால் சில மாதத்தில் உப்பு பூத்து உரியும். பிறகு எல்லோரும் மார்கழியில் ஒரே சமயத்தில் பொங்கலுக்கு முன் முடிக்கச் சொல்லி நெருக்குவார்கள். புரட்டாசியிலேயே வீடு வீடாக அளந்து, வரிசை நாள் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். தை பிறந்த பிறகுதான் முடியும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பட்டாசு ஆலைக்குள் வேலை கிடைத்தால் விதிமுறைகளை ஆலைப் பொறுப்பாளரிடம் முதலில் கேட்க வேண்டும். இரும்புச் சுரண்டியும் செல்போனும் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பூசிய தேதி, ரகம், கலர் எண், வாங்கிய லிட்டர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஓராண்டு மழை கழிந்ததும் ஒரு நடை போய்ச் சுவரைப் பார்த்து வரவும். பிள்ளை கிறுக்கிய இடத்துக்கு அதே கலர் எண்ணில் அரை லிட்டர் வாங்கிப் பூசிக் கொடுத்தால், அந்தத் தெருவில் அடுத்த வேலை யாருக்கு? ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதால் அதற்கும் இந்த நோட்டு உதவும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காண்டிராக்டருக்குக் கடன் சரக்கு கொடுக்கும்போது அவர் பெயரில் மொத்தமாக எழுதாமல், எந்த வீட்டு வேலைக்கு என்று தனித்தனி பில் போடுங்கள். முதல் வீட்டுப் பில் நிலுவையில் இருக்க மூன்றாவது வீட்டுக்குச் சரக்கு கேட்டால், தட்டிக் கழிக்காமல் அவரை உட்காரவைத்து மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.