முதுகெலும்பு அறுவை மருத்துவர் எவ்வாறு உருவாகிறார்?

"எம்.ஆர்.ஐ. படத்தில் ஜவ்வு பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறது. எப்போது ஆபரேஷன், டாக்டர்?" புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் கேட்கப்படும் வினா இது. "இப்போது வேண்டாம், ஆறு வாரம் பார்ப்போம்" என்று விடை வந்தால் சிலர் நிம்மதி அடைகின்றனர். வேறு சிலருக்கோ, தங்கள் வலியை மருத்துவர் பொருட்படுத்தவில்லையோ என்ற ஐயம் எழுகிறது. அந்தச் சிறிய விடைக்குப் பின்னால் ஏறத்தாழ பத்தாண்டுக் கல்வி உள்ளது. அதை அறிந்துகொண்டால், மருத்துவருடன் அமர்ந்து முடிவெடுப்பது உங்களுக்கு எளிதாகும்.

படிப்பின் படிகள்

நம் நாட்டில் இப்பாதை எம்.பி.பி.எஸ். படிப்பில் தொடங்குகிறது. நான்கரை ஆண்டுக் கல்விக்குப் பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி பெற வேண்டும். அடுத்து, நுழைவுத் தேர்வு எழுதி எலும்பியல் மேற்படிப்பில் சேர்ந்து மூன்றாண்டுகள் பயில வேண்டும். எலும்பு முறிவு, மூட்டுத் தேய்மானம், குழந்தைகளின் எலும்புக் குறைபாடுகள் அனைத்தையும் கற்கும் காலம் இது. மாவுக்கட்டுப் போடுவதும், இரவுப் பணியில் விபத்து நோயாளிகளைக் கவனிப்பதும், மூத்த மருத்துவருக்கு அறுவை அரங்கில் துணை நிற்பதும் இப்பயிற்சியின் பகுதிகளே. அதன்பின் முதுகெலும்புக்கென்றே ஓரிரு ஆண்டுகள் சிறப்புப் பயிற்சி பெறுவர். பள்ளிப் படிப்பை முடித்த ஒருவர் இத்துறையில் தனித்து இயங்கும்போது முப்பது வயதை நெருங்கியோ கடந்தோ இருப்பார்.

நரம்பியல் அறுவை மருத்துவர்களும் முதுகெலும்பு அறுவை செய்கின்றனர். அவர்கள் வரும் பாதை வேறாயினும், பல சிக்கல்களை இரு துறையினரும் கையாளுகின்றனர்.

தனிப் பயிற்சி எதற்கு?

முதுகெலும்பு 33 முள்ளெலும்புகளால் ஆனது. வளர்ந்தவர்களில் கீழ்ப்பகுதி எலும்புகள் இணைந்துவிட, 24 எலும்புகள் தனித்தனியே நிற்கும். அவற்றின் நடுவே உள்ள குழாயில், ஏறத்தாழ சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுவடம் செல்கிறது. அதிலிருந்து 31 இணை நரம்புகள் பிரிகின்றன. முறிந்த கால் எலும்பு மீண்டும் கூடும். சிதைந்த தண்டுவடம் அவ்வாறு புதுப்பித்துக்கொள்வதில்லை. ஆகவே, கருவியை எவ்வளவு ஆழம் செலுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் மூத்தவரின் கண்காணிப்பில் பலமுறை செய்தே கற்கிறார்.

கை பழகுவதைக் காட்டிலும் கடினமானது முடிவெடுக்கப் பழகுவது. வலியே இல்லாதவர்களின் படத்திலும் ஜவ்வுப் பிதுக்கம் காணப்படுவதுண்டு. ஜவ்வு பிதுங்கிக் காலுக்கு வலி இறங்குவோரில் பெரும்பாலோர் சில வாரங்களில் அறுவையின்றியே தேறுகின்றனர். ஆகையால், படத்திற்கு அன்று, நோயாளிக்கே சிகிச்சை என்பது இத்துறையின் முதற்பாடம்.

சென்னை தந்த பாடம்

முதுகெலும்புக் காசநோய்க்கு அறுவை கட்டாயமா என்ற கேள்வி ஒருகாலத்தில் உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. 1970களில் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வில், நோயாளிகளுள் ஒரு பிரிவினர் மருந்துடன் அறுவையும், மற்றவர்கள் மருந்து மட்டுமும் பெற்றனர். மருந்து மட்டும் பெற்றவர்களிலும் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர்.

ஆயினும் அத்துடன் கதை முடியவில்லை. அவர்களுள் இருந்த குழந்தைகள் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். நோய் குணமான பின்னும், வளர வளரச் சிலருக்குக் கூன் குறைந்தது, சிலருக்கு மிகுந்தது. யாருக்கு மிகும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு எக்ஸ்ரே அடையாளங்களை, கோயம்புத்தூரைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2001இல் வெளியிட்டார். அத்தகைய குழந்தைகளுக்கு உரிய காலத்தில் அறுவை செய்ய அது வழிகாட்டியது. யாருக்கு வேண்டாம், யாருக்குக் காலம் தாழ்த்தலாகாது என்ற இரண்டையும் அறிவதே இத்தொழிலின் முழுமை. மருத்துவர் உங்களை மறுபரிசோதனைக்கு அழைப்பதும் இதன் பொருட்டே. தவறாமல் வாருங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்:

- சிறுநீர் கழிக்க இயலாமை. சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
- பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிகளில் மரத்துப்போதல்
- கை அல்லது காலில் பலம் குறைந்துகொண்டே வருதல்
- முதுகுவலியுடன் காய்ச்சல்
- விழுந்த பின் அல்லது விபத்துக்குப் பின் கடும் முதுகுவலி, கழுத்துவலி

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- என் வலிக்கும் படத்தில் தெரிவதற்கும் தொடர்பு உள்ளதா?
- அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும்? எவ்வளவு காலம் காத்திருக்கலாம்?
- அறுவையால் எது சீராகும்? எது சீராகாமல் போகலாம்?
- இந்த அறுவையில் உங்கள் அனுபவம் எவ்வளவு?
- எப்போது நடக்கலாம், எப்போது வேலைக்குத் திரும்பலாம்?

இவற்றை ஒரு தாளில் எழுதி, குடும்பத்தினர் ஒருவருடன் வாருங்கள். வலியில் இருப்பவர் கேட்க மறந்ததை உடனிருப்பவர் நினைவூட்டுவார். கேள்வி கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. மற்றொரு மருத்துவரின் கருத்தை நாடுவதும் உங்கள் உரிமையே. பத்தாண்டுகள் கற்றவர் தம் முடிவுக்குரிய காரணத்தை எளிய சொற்களில் உங்களுக்கு விளக்குவதும் அவருடைய கடமைகளுள் ஒன்று.