வீட்டுப் பேச்சும் பள்ளிப் படிப்பும்

கர்நாடகத்தில் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளை பள்ளியில் பின்தங்கி விடாதா?" என்பதே அது. நான் டிப்ளமோ படித்து, ரயில்வேயில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கல்வித்துறை அறிஞன் அல்லன். ஆயினும் இதுபற்றிப் படித்ததையும் கண்டதையும் நம் குடும்பங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

கௌதள்ளியின் நிலை

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர் கௌதள்ளி. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது இப்பகுதியும் அதனுள் சென்றது. எல்லைகள் மாறினவேயன்றி, இங்குள்ள பல வீடுகளில் அடுப்பங்கரைப் பேச்சு இன்றும் தமிழ்தான். பள்ளிப் பாடமோ கன்னடம்.

இத்தகைய வீட்டிலிருந்து முதல் வகுப்புக்குப் போகும் குழந்தையைக் கவனியுங்கள். வீட்டில் பாட்டியிடம் ஓயாமல் கேள்வி கேட்கும். ஆட்டுக்குட்டிகளை எண்ணிச் சொல்லும். வகுப்பிலோ வாய் திறவாது. புதிய மொழியைக் காதில் வாங்கிக் கொண்டிருக்கும் குழந்தை சில மாதங்கள் மௌனமாக இருப்பது இயல்பு. அதை மந்தம் என்று எண்ணிவிடக் கூடாது.

பெற்றோர் அஞ்சுவது இந்த இடத்தில்தான். "இனி வீட்டிலும் கன்னடமே பேசு" என்கிறார்கள். சற்று வசதியுள்ளவர்கள் ஆங்கிலம் என்கிறார்கள். ஆனால் அம்மொழியில் தாய்க்குத் தெரிந்தது எவ்வளவு? வா, போ, சாப்பிடு, எழுது என்னும் கட்டளைகள் மட்டுமே. "மழை ஏன் பெய்கிறது?" என்று குழந்தை கேட்டால் விளக்கிச் சொல்ல அவருக்குச் சொல் வராது. கதை நின்று விடும். கேள்வியும் நின்று விடும். பிள்ளைக்கு ஒரு மொழி கூடுவதற்குப் பதிலாக, வீட்டில் நடந்த பாடமே இல்லாமல் போகிறது.

ஜமைக்காவில் நடந்த ஆய்வு

வீட்டுப் பேச்சும் விளையாட்டும் எவ்வளவு வலிமை உடையவை என்பதற்கு ஜமைக்கா நாட்டு ஆய்வு ஒன்று சான்று. 1986-87இல் கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடும்பங்களிலிருந்து, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத 129 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒரு பிரிவுக்குச் சத்துணவு மட்டும் தந்தனர். இன்னொரு பிரிவின் வீடுகளுக்கு நலப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் சென்று, குழந்தையோடு பேசவும் விளையாடவும் தாய்க்குக் கற்றுக் கொடுத்தனர். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும் கிடைத்தன. நான்காம் பிரிவுக்கு இரண்டும் இல்லை. இது இரண்டு ஆண்டுகள் நடந்தது. விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் வீட்டில் கிடைப்பவற்றைக் கொண்டு செய்தவை.

இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிக் கண்டு கணக்கிட்டனர். பேச்சும் விளையாட்டும் பெற்ற பிள்ளைகளின் வருவாய், பெறாதவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் இம்முடிவு வெளிவந்தது. சத்துணவு மட்டும் பெற்ற பிரிவில் அத்தகைய நீடித்த பலன் காணப்படவில்லை. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உணவோடு தாயின் பேச்சும் வேண்டும் என்பதே. தாய் தாராளமாகப் பேசக் கூடியது தன் சொந்த மொழியில்தான் அல்லவா?

தண்டவாளத்தின் அடியில் பரப்பிய சரளைக் கல்லை ரயிலில் போகும் பயணி பார்ப்பதில்லை. ஆனால் வண்டியின் பாரத்தைப் பரப்பித் தாங்குவது அதுவே. வீட்டுப் பேச்சும் அப்படித்தான். 'பாதி', 'கால்' என்பவற்றைத் தோசையைப் பிட்டுத் தமிழில் அறிந்த குழந்தைக்குக் கன்னடத்தில் புதிதாக வேண்டியது அவற்றின் பெயர் மட்டுமே.

கன்னடம் அந்நியமன்று

கன்னடத்தை நம் பிள்ளைகள் நன்றாகக் கற்க வேண்டும். வாழும் மண்ணின் மொழி அது. அதற்குத் தமிழ் தடையல்ல, படிக்கட்டு. பால் என்பது ஹாலு, பல் என்பது ஹல்லு, புலி என்பது ஹுலி, பத்து என்பது ஹத்து. தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ஹகரமாகும். இந்த ஒரு விதியை விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் குழந்தை தானே பல சொற்களைக் கண்டுபிடிக்கும்.

இடர்ப்பாடு எழுத்தில் வரும். 'பக்கம்', 'தங்கம்' இரண்டிலும் நாம் ஒரே ககரத்தை எழுதுகிறோம், ஒலி வேறு. கன்னடத்தில் அவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்து. ககர வரிசையில் மட்டும் நான்கு. அங்கே பிள்ளை தவறினால் அடிக்காதீர்கள். வாய்விட்டுச் சொல்லச் செய்து திருத்துங்கள்.

பெற்றோர் செய்யக் கூடியவை

1. நாள்தோறும் அரை மணி நேரமாவது தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து விட்டுப் பிள்ளையோடு தமிழில் பேசுங்கள்.

2. "இன்று என்ன பாடம்?" என்று கேட்டு, கன்னடத்தில் படித்ததைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். புரிந்ததா என்பது அப்போது தெரிந்து விடும்.

3. தாத்தா பாட்டியிடம் கதை கேட்க விடுங்கள். வெளியூரில் வேலை செய்யும் தந்தை தொலைபேசியில் மதிப்பெண்ணை மட்டும் விசாரிக்காமல், நண்பர்களைப் பற்றியும் கேட்கட்டும்.

4. ஆசிரியரைப் பருவத்துக்கு ஒருமுறையேனும் சந்தியுங்கள். வீட்டுமொழி தமிழ் என்பதை அவரிடம் தெரிவியுங்கள்.

5. அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, 1956இல் ஏழாவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய மாநிலமும் உள்ளாட்சியும் முயல வேண்டும் என்கிறது அது. பள்ளியில் 40 பேர் அல்லது வகுப்பில் 10 பேர் இருந்தால் அம்மொழி ஆசிரியரை அமர்த்தலாம் என்று 1949இல் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த நெறியும் உண்டு. ஊர்ப் பெற்றோர் ஒன்றுகூடி எழுத்து மூலம் பணிவுடன் விண்ணப்பிக்கலாம்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்கு அச்சமும் அவமானமும் வரும். அதை வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும். தாயின் மொழி பிள்ளைக்கும், பிள்ளையின் மொழி தாய்க்கும் அரைகுறையாக இருந்தால், ஒரே கூரையின் கீழ் இருந்தும் சொல்ல முடியாமல் போகும். பிள்ளை உள்ளுக்குள் புழுங்கும், தாய்க்குத் தெரியாது.

ஆகவே பெற்றோர்களே, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் நன்றாக வளரட்டும். வீட்டில் தமிழ்ப் பேச்சை நிறுத்தி விடாதீர்கள். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் சங்கங்கள் குழந்தைகளைக் கூட்டிக் கதை சொன்னால் அதுவே நல்ல தொடக்கம். இன்று மாலையே உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள்.